வெள்ளைக் கைக்குட்டையும் பனியன் வேஸ்ட்டும்

தமிழ்ப் படத்தில் நாயகனுக்குப் புற்றுநோய் என்பதை நமக்கு எப்படித் தெரிவிப்பார்கள்? அவன் இருமுவான். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, யாரும் பார்க்காமல் திரும்பி நின்று வாயைத் துடைப்பான். காமிரா கைக்குட்டைக்கு இறங்கும். சிவப்பு. அதற்குமேல் வசனம் வேண்டியதில்லை, கொட்டகையே விசும்பும். 1982-இல் மட்டும் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்று இரண்டு படங்கள் இந்தக் கண்ணீரில் ஓடின. இரண்டிலும் நாயகன் தன் நோயை மறைப்பதற்காகக் காதலியை வெறுப்பதுபோல் நடிக்கிறான். நோய் அவனுடையது. அதை அறியும் சலுகை பார்வையாளர்களாகிய நமக்கு. ஒன்றும் தெரியாமல் அழ வேண்டியது அவள் வேலை. இதற்கு இருபது ஆண்டுகள் முன்பு வந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) இன்னும் நாகரிகமான படம்தான். ஆனால் அங்கும் கட்டிலில் கிடப்பவன் கணவன். அவனுக்குப் பின் அவள் யாரைச் சேர வேண்டும் என்பதே கதையின் கவலை. கட்டிலில் அவளே கிடந்தால் என்ன ஆகும் என்று இந்த மூன்று படங்களிலும் ஒருவரும் கேட்கவில்லை.

சூசன் சொன்டாக் 1978-இல் எழுதிய ‘நோய் ஓர் உருவகம்’ நூலைப் படித்த மாணவியருக்கு இது புதிதாக இருக்காது. காசநோய்க்கு மருந்து வந்தபின், ஆன்மாவை மெலிதாக்கி அழகாக்கும் நோய் என்ற இடம் காலியானது. அந்த இடத்தில் ‘லவ் ஸ்டோரி’ போன்ற படங்கள் ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவந்து வைத்தன என்பார் அவர். கட்டி இல்லை, நாற்றம் இல்லை, மார்பையோ கருப்பையையோ அறுக்க வேண்டியதில்லை. முகம் வெளுத்தால் போதும். நம் ஊர் நாயகர்களும் அந்த வசதிக்காகவே அதைத் தேர்ந்தார்கள்.

எனக்கு அந்தக் கைக்குட்டையை விட்டு நகர மனமில்லை. மருத்துவக் கணக்கில் அது பெரும்பாலும் பொய். எலும்பு மஜ்ஜையில் புற்றணுக்கள் இடத்தை அடைத்துக்கொள்ளும்போது தட்டணுக்கள் உற்பத்தியாக இடமில்லாமல் போகிறது. டெங்குக் காலத்தில் நம் எல்லோருக்கும் பழகிப்போன ‘பிளேட்லெட்’தான் இந்தத் தட்டணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியது. பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கினால் அடிபடாமலேயே ரத்தம் கசியத் தொடங்கிவிடும். அது முதலில் தெரிவது ஈறில், மூக்கில், கணுக்காலுக்கு மேலே முள் குத்தியதுபோல் தோன்றும் சிவப்புப் புள்ளிகளில். மாதவிடாய் வருகிற வயதுப் பெண்ணென்றால் இன்னோர் இடமும் உண்டு. மாதாமாதம் வருவது இந்த மாதம் நிற்காமல் போகும். சில பெண்களுக்கு ரத்தப் புற்றுநோயின் முதல் சாட்சியே அதுதான். இவர்களுக்கு மருத்துவமனைகளில் கீமோ தொடங்கும் முன் மாதவிடாயை நிறுத்தி வைக்கும் ஹார்மோன் மாத்திரை தருவதும் அதனால்தான்.

ஆக, ரத்தப் புற்றுநோய் வந்த நாயகியை நேர்மையாகக் காட்ட வேண்டுமென்றால் காமிரா குளியலறைக்குத்தான் போக வேண்டும். வெள்ளைக் கைக்குட்டைக்கு அங்கே வேலையில்லை. ஆணின் வாயிலிருந்து வரும் ரத்தம் சோகம். பெண்ணின் தொடையில் வழியும் ரத்தம் வீட்டுச் சமாச்சாரம்.

இதில் உயிர் போகும் நாள்கணக்கும் இருக்கிறது. ‘ப்ரோமைலோசைட்டிக்’ என்றொரு வகை ரத்தப் புற்றுநோய் உண்டு. உடலில் ரத்தம் உறைவதற்கான சரக்கு மொத்தத்தையும் அது தாறுமாறாகச் செலவழித்துத் தீர்த்துவிடும். பிறகு எல்லாப் பக்கமும் கசிவு. 1980-களில் ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏ-யின் உறவான ஓர் அமிலத்தைக் கொடுத்து இதை அடக்கினார்கள். பின்னர் ஆர்செனிக்கும் மருந்தாகச் சேர்ந்தது. இன்று ரத்தப் புற்றுநோய்களிலேயே குணமாகும் வாய்ப்பு மிக அதிகமான வகைகளில் இதுவும் ஒன்று. சாவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில், ரத்தப்போக்கால், மருந்து வேலை செய்யும் முன்பே. ‘ரெண்டு நாள் பார்க்கலாம், தானா நின்னுடும்’ என்று காத்திருக்கிறோமே, அந்த இரண்டு நாள்தான் விலை.

இதை முதுகலை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அப்போ எவ்வளவு வந்தா அதிகம்?” முப்பது பேர் இருந்த வகுப்பு. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து மாதாமாதம் பார்த்துவரும் ஒன்று. ஒருத்திக்கும் விடை தெரியவில்லை. ஏழு நாளுக்கு மேல் நீண்டால், ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், இரவில் அதற்காக எழ வேண்டியிருந்தால், பெரிய நாணயம் அளவுக்குக் கட்டி விழுந்தால் அது அதிகம். இவ்வளவுதான். பாடப் புத்தகத்தில் ஒரு வரி போதும்.

ஏன் தெரியவில்லை என்று கேட்டால் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் தமிழ் படித்தவள், எனக்கு மொழிமேல்தான் சந்தேகம். இந்த ரத்தத்துக்கு நம்மிடம் உள்ள பெயர்களை அடுக்கிப் பாருங்கள். தூரம், வீட்டுக்குத் தூரம், விலக்கு, ஒதுங்கியிருக்கிறாள், தீட்டு. அவள் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் இச்சொற்கள் சொல்கின்றன. எவ்வளவு வந்தது, எத்தனை நாள் வந்தது, என்ன நிறம் என்பதற்கு இவற்றில் இடமே இல்லை. கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறோம். அங்கும் சேதி உடலைப் பற்றியதல்ல, குளியலைப் பற்றியது. இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. புறநானூற்றின் 299-ஆம் பாட்டில் பொன்முடியார், போரில் தளர்ந்து நிற்கும் குதிரைகளுக்கு உவமை தேடுகிறார். முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மகளிர் அவருக்குக் கிடைக்கிறார்கள். பெண் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் புலவர். அவர் பாட்டிலும் அந்தப் பெண் நிற்கும் இடமே உவமையாகிறது. உரைகாரர்கள் தயக்கமில்லாமல் ‘விலக்குடைய மகளிர்’ என்று எழுதிக் கடந்தார்கள். நாமும் வகுப்பில் கடந்துவிடுகிறோம்.

அளவைச் சொன்ன ஒரே சொல் ‘பெரும்பாடு’. சித்த மருத்துவ நூல்களில் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் ரத்தப்போக்கால் துன்பப்பட்டு, கையிலிருந்ததையெல்லாம் மருத்துவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தவளைக் குறிக்கவும் அந்தச் சொல்தான். நல்ல சொல். பாடு என்பதில் துன்பமும் இருக்கிறது, பெரும் என்பதில் அளவும் இருக்கிறது. இன்று பேச்சில் ‘நான் பட்ட பெரும்பாடு’ என்று எதற்கெல்லாமோ சொல்கிறோம், இதற்கு மட்டும் சொல்வதில்லை. அந்த இடத்தில் அரசுத் துண்டறிக்கைகள் ‘அசாதாரண உதிரப்போக்கு’ என்று எழுதுகின்றன. சாதாரணம் எது என்று சொல்லித் தராமல் அசாதாரணம் கண்டால் வரச் சொல்வது என்ன நியாயம்? போகட்டும், ‘உதிரப்போக்கு’ என்று எந்தப் பெண்ணாவது பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சொல் இல்லாத இடத்தில்தான் கருப்பைவாய்ப் புற்றுநோய் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. இங்கே ரத்தம் கசியக் காரணம் வேறு. கட்டி தனக்கென்று வளர்த்துக்கொள்ளும் ரத்தக் குழாய்கள் சுவர் மெலிந்தவை, தொட்டால் உடைபவை. அதனால் ரத்தம் மாத நாளில் வராமல், இடையில் வரும். உறவுக்குப் பின் வரும். மாதவிடாய் நின்று சில வருடங்கள் கழித்து வரும். இந்த மூன்றில் நடுவில் உள்ளதைச் சொல்ல நம் பெண்களுக்கு வாய் வராது. செவிலியர் ‘வீட்டுக்காரரோட சேர்ந்தா ரத்தம் படுதா?’ என்று கேட்டால் தலையைக் குனிந்து பதில் வரும். கைம்பெண்ணிடமும் கல்யாணமாகாதவளிடமும் அதையும் கேட்கமாட்டார்கள். மூன்றாவதற்கு நம் ஊரில் ஒரு விபரீத விளக்கமே உண்டு. செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஐம்பத்தாறு வயது அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது இது: “நின்னு நாலு வருசம் ஆச்சுங் கண்ணு. இப்ப மறுக்காப் படுதுங். உடம்புல இன்னும் தெம்பு இருக்குதுன்னு எங்க நாத்தனார் சொல்லுச்சுங்.” மாதவிடாய் நின்றபின் ரத்தம் படும் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருக்கிறது. மற்ற ஒன்பது பேருக்கு இல்லை. ஆனால் பத்துப் பேருமே பரிசோதித்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெம்பு என்று வாழ்த்தி அனுப்பக்கூடாது.

செக்கிங் என்றால் என்னவென்று வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். திருப்பூரில் தைத்து முடித்த பனியனை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, விட்டுப்போன தையல், கறை எல்லாம் பார்த்து ஒதுக்கும் வேலை. பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். எண்ணெய்க் கறையா, துருக் கறையா, டெய்லர் விரலில் ஊசி குத்திப் பட்ட ரத்தமா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். கம்பெனியில் உடைந்த ஊசிக்குக்கூடப் பதிவேடு உண்டு. உடைந்த துண்டு முழுவதும் கிடைத்ததா என்று ஒட்டி வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் ஊசிமுனை போய்விடக்கூடாது என்பதற்காக வாங்குகிறவர்கள் வைத்த விதி. நல்ல விதிதான். அவ்வளவு கவனமாகக் கறை பார்க்கும் பெண், தனக்குப் படும் கறையைப் பார்ப்பது ஒன்றரை ஷிப்டுக்கு நடுவே, வரிசை நிற்கும் கழிப்பறையில், அரை நிமிடம். கட்டிங்கில் மிஞ்சும் பனியன் வேஸ்ட்டைத்தான் பலர் வைத்துக்கொள்கிறார்கள். மெத்தென்று இருக்கும், நன்றாக உறிஞ்சும், காசும் இல்லை. ஆனால் அளவு தெரியாது. சாயம் ஏறிய துணி என்றால் நிறமும் தெரியாது.

இதில் மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளர்களாகிய ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்றால் வேலை இடத்திலேயே பெயர் அச்சிடாத மாத்திரை கையில் தரப்படுகிறது என்பது தெரியவந்தது. இபுபுரோஃபன் போன்ற வலிநிவாரணி வகை அது என்றார்கள் அதைப் பார்த்த மருத்துவர்கள். அப்போது அதைப் பற்றி எழுதிய பலர், மாத்திரை உற்பத்திக்காகத் தரப்படுகிறது என்ற சுரண்டலைச் சரியாகவே எழுதினார்கள். மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை யாரும் அதிகம் எழுதவில்லை. இவ்வகை வலிநிவாரணிகள் மாதவிடாயின் ரத்த அளவையும் ஓரளவு குறைத்துவிடும். அதாவது அடையாளத்தையே மங்கலாக்கும். இன்னொரு பக்கம் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் திறனைக் குறைத்து, இரைப்பையின் உள்தோலை அரித்துவிடும். தட்டணு ஏற்கெனவே குறைந்து வருகிற உடம்பில் இதைப் போட்டால் வயிற்றுக்குள் கசியும். மலம் தார்போல் கருப்பாகப் போவது அதனால்தான். அதைப் பார்த்து ‘சத்து மாத்திரை சாப்பிட்டேன், அதனால இருக்கும்’ என்று நினைப்பாள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும் என்பதுதான் இதில் சிக்கல்.

இரும்புச்சத்து என்றதும் ஒரு கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். ரத்தம் போவதால் சோகையா, சோறு போதாமல் சோகையா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே குறைவு. எல்லோருக்கும் ஒரே சிவப்பு மாத்திரை.

ரத்தப்போக்கு தாங்கமுடியாமல் மருத்துவமனைக்குப் போனவளுக்கு இங்கே உடனே கிடைக்கும் ஆலோசனை வேறு: ‘கர்ப்பப்பையை எடுத்துடலாம், பிள்ளைதான் பெத்தாச்சே.’ பயாப்சி இல்லாமல், கருப்பைவாயை விளக்கு வைத்துப் பார்க்காமல், எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு சோதனைக்கு அனுப்பும்போதோ, அனுப்பாமல் விட்டு மீண்டும் ரத்தம் வரும்போதோதான் உள்ளே புற்றுநோய் இருந்தது தெரிகிறது. அப்போது முறையான அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் வழி கடினமாகிவிடும். பெண்ணிய விவாதங்களில் கருப்பை அகற்றத்தை உரிமைப் பிரச்சினையாகப் பேசியிருக்கிறோம். அது கண்டறிதலையே கெடுக்கும் பிரச்சினையும்கூட.

இனி நொய்யலுக்கு வருகிறேன். திருப்பூரில் புற்றுநோய் என்றதும் எல்லோர் விரலும் சாயப்பட்டறையை நோக்கித்தான் நீளும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவிட்டதிலிருந்து கவிதைகளும் குவிந்தன. எனக்குக் கிடைக்கும் தொகுப்புகளில் நொய்யல் தாயாகிறாள், கற்பழிக்கப்பட்டவளாகிறாள், சிவப்பாக ஓடும் நாளில் தூரமானவளாகிறாள். ஆற்றின் சாயத்தை மாதவிடாய் ரத்தமாக்கும் இந்த உருவகம் எனக்கு ஒவ்வவில்லை. ஆற்றுக்கு நேர்ந்த கேட்டைச் சொல்லப் பெண்ணின் இயல்பான உடற்செயலைக் கேடாக்குகிறது. அதைவிட மோசம், ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒருத்தியின் சிறுநீரில் வரும் ரத்தத்தை அது பார்க்கவிடாமல் செய்கிறது.

சாயத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவில் உறுதியாக நிறுவப்பட்டது சிறுநீர்ப்பைதான். 1895-இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை முதலில் எழுதினார். பென்சிடின் போன்ற அமீன்கள் உடலுக்குள் போய்ச் சிறுநீரில் வெளியேறுகின்றன. வெளியேறும் வழியில் பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகளும் ஆகலாம். முதல் அடையாளம் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம். ஒருநாள் வரும், பிறகு மாதக்கணக்கில் வராது. 1994-இல் ஜெர்மனி இத்தகைய அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஆடைகளில் தடை செய்தது. 1997-இல் இந்தியாவும் எழுபது சாயங்களுக்குத் தடை போட்டது. உடுத்துகிறவர் தோலுக்காகப் பிறந்த தடை அது. தடைக்கு முன்பே பட்டறையில் வெறுங்கையோடு நின்றவர்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள். அவர்களில் ஆணுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் பதறி ஓடுவார்கள். பெண்ணுக்கு வந்தால் ‘சூடு’ என்பார்கள், அல்லது மாதவிடாய் என்பார்கள். இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. மேலை நாடுகளிலும் பெண்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஆண்களைவிடத் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. சிறுநீர்த் தொற்று என்று திரும்பத் திரும்ப மருந்து கொடுத்துக் காலம் போய்விடுகிறது. பெண்ணின் கீழுடம்பிலிருந்து வரும் எந்த ரத்தத்துக்கும் தயாராக ஒரு விளக்கம் எல்லா மொழியிலும் இருக்கிறது போலும். மலக்குடலிலிருந்து வந்தால் ‘மூலம்’. இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குத்தான் இழந்தார். அந்த இழப்பிலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் வந்தது.

சிகிச்சைக்குள் போனபின் வரும் ரத்தம் தனிக் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். கீமோ கொடுத்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும் தட்டணு அடிமட்டத்துக்கு இறங்கும். வேப்பங்குச்சியால் பல் விளக்கினாலே ஈறு நிற்காமல் கசியும் நாட்கள் அவை. கல்லீரலுக்குப் பரவியிருந்தால் ரத்தம் உறையும் புரதங்கள் குறையும். வாய்ப்புண்ணால் வாரக்கணக்கில் சாப்பிட முடியாமல், கூடவே ஆன்டிபயாட்டிக்கும் ஓடினால் வைட்டமின் கே குறையும். புற்றுநோய் ரத்தத்தைக் கட்டவும் வைக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினால் உள்ளே ரத்தக்கட்டி என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி, கட்டியைக் கரைய விடுவதோடு கசியும் இடத்தில் கசிவையும் கூட்டும். எந்தப் பக்கம் ஆபத்து அதிகம் என்று மருத்துவர் நாளுக்கு நாள் எடை போடுகிற விஷயம் அது. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து ஊசியைத் தானே நிறுத்திவிடும் பெண்ணுக்கு இதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தட்டணு ஏற்ற வேண்டுமென்றால் ‘ஆள் கூட்டிட்டு வாங்க’ என்பார்கள். ஐந்து நாளுக்கு மேல் தட்டணுவைச் சேமித்து வைக்க முடியாது, யாராவது புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுப்பவருக்கு ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். அக்காளுக்குக் கொடுக்க வந்த தங்கை, அம்மாவுக்குக் கொடுக்க வந்த மகள், விரல்நுனியில் ஒரு சொட்டுப் பரிசோதனையோடு திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் சோகை என்ற அந்தக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கித் தைக்கும் பெண்ணுக்குக் கூட்டிவர ஆளே கிடையாது.

கருப்பைவாய்க்குக் கதிர்வீச்சு முடிந்து, எல்லாம் சரி என்று அனுப்பி, ஓரிரண்டு வருடம் கழித்து ஆசனவாயிலோ சிறுநீரிலோ ரத்தம் வரலாம். கதிர் பட்ட குடல், பை ஆகியவற்றின் குழாய்கள் நைந்து போவதால் வருவது அது. நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி வீட்டோடு படுத்துக்கொண்டவர்களை அறிவேன். திரும்பியிருக்கவும் கூடும், நைந்ததாகவும் இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல முடியும். பின்னதற்கு மருத்துவம் உண்டு.

இந்த எல்லாப் பிரதிகளுக்கும் எதிராக நான் வாசிக்கும் ஒரு பிரதி, பக்கத்து மாவட்டத்தில் எழுதப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-த்தில் தொடங்கிய ஆய்வு அது. முடிவுகள் 2007-இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. 30 முதல் 59 வயதுவரை உள்ள 49,000-க்கும் மேற்பட்ட பெண்களை அழைத்தார்கள். 31,000 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் சரக்கை, கருப்பைவாயில் தடவி, வெண்திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு முறை. அந்தப் பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் கால்பங்கு குறைந்தது, அதனால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. ரத்தம் வரும்வரை காத்திருக்காமல் பார்த்ததால் வந்த பலன். இந்த அறிக்கையை இலக்கிய மாணவியர் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் எண்கள் மட்டுமில்லை. வராமல் போன பதினெட்டாயிரம் பேரும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பது நம் துறைக்கான கேள்வி.

மொழியில் சொல் இல்லை என்று மேலே எழுதினேன். அச்சு மொழியில்தான் இல்லை. சென்ற ஆண்டு என் மாணவியர் நால்வர் விடுமுறையில் தங்கள் அம்மாக்களிடமும் அத்தைகளிடமும், உடன் வேலை பார்க்கும் அக்காக்களிடமும் இதைப் பற்றிக் கேட்டு எழுதி வந்தார்கள். செக்கிங், கைமடி, ஓவர்லாக், அயர்னிங் என்று எல்லாப் பிரிவுப் பெண்களும் பேசியிருக்கிறார்கள். ஒருத்தி நாளுக்கு எத்தனை துணி என்று எண்ணிச் சொன்னாள். ஒருத்தி ‘ஈரல் துண்டாட்டம் விழுகுது’ என்றாள். ‘குழாய் தொறந்துவிட்ட மாதிரி’, ‘காப்பித்தூள் கலர்ல’, ‘திட்டுத் திட்டா, நாள் கணக்கில்லாம’. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ‘ரத்தமின்னும் சொல்ல முடியாது, வெள்ளையின்னும் சொல்ல முடியாது. கறி கழுவுன தண்ணி மாதிரி வருது, வாசம் வேற.’ மகளிர் மருத்துவர் யாரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னாலும் அன்றைக்கே படுக்க வைத்துப் பார்த்துவிடுவார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அவர்கள் பாடத்திலும் இதே அடையாளம்தான் இருக்கிறது. அந்த அம்மா அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மாணவி அவரை மறுநாளே பேருந்தேற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள், அரை நாள் கூலி பிடித்தார்கள்.